கடனில் கரைந்த சாம்ராஜ்யங்கள் – 6: வெள்ளி மலைக்குச் சொந்தக்காரர்

1575 செப்டம்பர் 1ஆம் தேதி ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசு லேவாதேவிக்காரர்களுக்குத் தரவேண்டிய பாக்கிகள் அனைத்தும் நிறுத்திவைக்கப்படுகின்றன. பழைய ஒப்பந்தங்களையெல்லாம் ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. சுருக்கமாகச் சொன்னால், கைவிரித்துவிட்டார். ஐரோப்பாவில் வேறெந்த அரசருக்கும் இல்லாத வெள்ளிச் சுரங்கங்கள் அவரிடம் இருந்தன. அப்படியும் இது அவருடைய மூன்றாவது திவால். 1557, 1560 ஆண்டுகளில் இரண்டு முடிந்திருந்தன. 1596இல் நான்காவது வரவிருந்தது.

ஃபுக்கர் குடும்பத்துக் கடனை வைத்து ஐந்தாம் சார்லஸ் பேரரசர் பட்டத்தை வாங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1556க்குள் மகன் பிலிப்புக்கு வந்துசேர்ந்த சொத்து கொஞ்சநஞ்சமல்ல: ஸ்பெயின், நெதர்லாந்து, மிலன், நேப்பிள்ஸ், சிசிலி, மெக்சிகோ, பெரு. 1580இல் போர்ச்சுகல் கிரீடமும் கைக்கு வந்தது. அதோடு கோவாவும் கொழும்பும் நம் மயிலாப்பூர் சாந்தோமும்கூட அவர் கணக்கில் சேர்ந்தன. சொத்தோடு அப்பாவின் கடனும் வந்தது. பட்டத்துக்கு வந்த அடுத்த வருடமே முதல் திவால்.

சரி, அந்த வெள்ளி எங்கே போயிற்று?

இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி. 1545இல் அங்கே ஒரு மலையே வெள்ளியாக அகப்பட்டது. மேலாக இருந்த நல்ல தாது தீர்ந்து வரவு குறைந்த நேரத்தில், 1570களில், வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டோலிடோ இரண்டு ஏற்பாடுகளைச் செய்தார். பெருவின் வன்காவெலிக்கா சுரங்கத்துப் பாதரசத்தைக் கொண்டுவந்து, தரம் குறைந்த தாதுவிலிருந்தும் வெள்ளியைப் பிரித்தெடுக்கச் செய்தார். மலைநாட்டுப் பழங்குடி ஊர்கள் தங்கள் ஆண்களில் ஏழில் ஒருவரை முறைவைத்துச் சுரங்க வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டாயமும் போட்டார். வெள்ளி பல மடங்கு பெருகியது. குகைக்குள் தூசியிலும் வெளியே பாதரசப் புகையிலும் செத்தவர்களுக்கு யாரும் சரியான கணக்கு வைக்கவில்லை. வெட்டிய வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. அந்தக் கணக்கு மட்டும் கிரமமாக எழுதப்பட்டது.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. வெள்ளி கொட்டியது, ஸ்பெயின் சோம்பேறியானது, வீழ்ந்தது என்று கதை முடிந்துவிடும். எனக்கு இது போதவில்லை. அமெரிக்க வெள்ளி உச்சத்தில் இருந்த காலத்திலும் அரசரின் வருமானத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான். மீதியில் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் ஸ்பெயினின் நடுப்பகுதியான கஸ்தீல் நாட்டுக் குடியானவர்களும் நகரவாசிகளும். வெள்ளியின் வேலை வேறு. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார் என்று தெரிந்தால் ஊரில் கைமாற்று தாராளமாகக் கிடைக்குமே, அந்த வேலையைத்தான் அது செய்தது.

நெதர்லாந்தில் கலகத்தை அடக்கப் பெரும்படை நிற்கிறது. சிப்பாய்க்குச் சம்பளம் ஆன்ட்வெர்ப்பில், அதுவும் தங்க நாணயமாக வேண்டும். அரசரிடம் இருப்பதோ செவில் துறைமுகத்துக்கு என்றைக்கோ வந்துசேரப்போகும் வெள்ளி. நடுவில் அட்லாண்டிக் கடலும் புயலும் கொள்ளையர்களும். இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் இத்தாலியின் ஜெனோவா நகரத்து லேவாதேவிக் குடும்பங்கள். அவர்கள் உண்டியல் எழுதி ஆன்ட்வெர்ப்பில் பணத்தைக் கட்டுவார்கள். கப்பல் வந்ததும் செவிலில் அசலையும் வட்டியையும் வெள்ளியாக வாங்கிக்கொள்வார்கள். ‘அசியெந்தோ’ என்ற இந்தக் குறுகியகாலக் கடனுக்கு வட்டி அதிகம்.

இன்னொரு வகைக் கடன் ‘ஹூரோ’. குறிப்பிட்ட ஒரு வரியின் வசூலை ஈடாக எழுதிவைத்து அரசு விற்கும் பத்திரம் அது. பெரும்பாலும் 5 முதல் 7 சதவீதம் வட்டி, வருடா வருடம் வரும். விதவைகள், கன்னியர் மடங்கள், ஆஸ்பத்திரிகள், தேவாலயங்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள் என்று எல்லோரும் வாங்கினார்கள். பிலிப்பின் திவால்கள் ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு மாற்றல் வேலைதான். கட்ட முடியாத அசியெந்தோவில் கொஞ்சம் தள்ளுபடி, மீதிக்கு ஹூரோ. கடன் தீராது, தவணைதான் நீளும். வரிப்பணத்தில் இன்னொரு துண்டு நிரந்தரமாக வட்டிக்குப் போய்விடும். அடுத்த போருக்கு வேண்டிய பணத்துக்கு மறுபடி ஜெனோவாக்காரர்களையே கூப்பிட வேண்டும்.

கடன், வட்டி, உண்டியல் மாற்று இதெல்லாம் தன் தலையில் ஏறுவதே இல்லை என்று பிலிப்பே எழுதியிருக்கிறார். இரவெல்லாம் விளக்கு வைத்துக் கோப்பு பார்த்து, ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் குறிப்பு எழுதிய மனிதர். அவரைச் சோம்பேறி என்று எதிரிகூடச் சொல்லமாட்டான்.

1575 ஆணைக்கு ஜெனோவாக்காரர்கள் பதில் சொன்னார்கள்: நெதர்லாந்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே சிப்பாய்களுக்கு ஏற்கெனவே சம்பளம் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் பாக்கி. 1576 மார்ச்சில் ஆளுநர் ரெக்வெசென்ஸ் இறந்தார், கட்டுப்படுத்த ஆளில்லை. நவம்பர் 4ஆம் தேதி ஸ்பானியப் படை, தான் காக்கவேண்டிய ஆன்ட்வெர்ப்புக்குள்ளேயே புகுந்தது. வட ஐரோப்பாவின் முதன்மையான வணிக நகரம் அது. கொலை, கொள்ளை, தீ. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், நகர மண்டபம் எரிந்தது. நான்கே நாளில் கென்ட் நகரில் ஓர் உடன்படிக்கை: அதுவரை அரசர் பக்கம் நின்ற கத்தோலிக்க மாகாணங்களும் கலகக்காரர்களோடு கைகோத்து, ஸ்பானியச் சிப்பாய்கள் வெளியேறவேண்டும் என்றன. வட்டி கட்டாமல் மிச்சம்பிடித்த கணக்கில் இந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது?

மவுரீசியோ டிரெலிச்மன், ஹான்ஸ்-யோவாகிம் வோத் என்ற இரு பொருளாதார வரலாற்று அறிஞர்கள் 2014இல் வெளியிட்ட நூலில், இந்தத் திவால்களால் கடன் கொடுத்தவர்கள் அழிந்தார்கள் என்ற வழக்கமான கதையை மறுத்தார்கள். கடன் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தால், தள்ளுபடிகளுக்குப் பிறகும் கடன் கொடுத்த பெரும்பாலான குடும்பங்கள் லாபமே பார்த்தன என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கிறேன். ஆனால் கடன்காரனும் தப்பினான், கடன் கொடுத்தவனும் தப்பினான் என்றால் நஷ்டம் வேறெங்கோ இறங்கியிருக்க வேண்டுமல்லவா? அது கஸ்தீலில் இறங்கியது.

பிலிப் வழி தெரியாமல் போர் செய்யவில்லை. மதத்துரோகிகளுக்கு, அதாவது புராட்டஸ்டண்டுகளுக்கு, அரசனாக இருப்பதைவிட என் நாடுகள் அத்தனையையும் இழக்கத் தயார் என்று 1566இலேயே ரோமுக்குச் சொல்லியனுப்பியவர் அவர். கையில் பணமில்லாத அரசன் எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். கடன் கிடைக்கிற அரசனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டச்சுக்காரர்களோடு போர் முடியாமலே 1588இல் இங்கிலாந்தின் மீது சுமார் 130 கப்பல்கள் கொண்ட ஆர்மடா போனது, சிதைந்து திரும்பியது. 1590இல் பிரான்சின் உள்நாட்டுச் சண்டையிலும் அவர் படை நுழைந்தது. ஒரே சமயத்தில் மூன்று போர்கள்.

ஆர்மடாவின் பில் கஸ்தீலுக்கு வந்தது. 1590இல் ‘மில்லோனெஸ்’ என்ற புதிய வரி: ஆறு ஆண்டில் 80 லட்சம் டுகட். நாளடைவில் திராட்சை மது, எண்ணெய், வினிகர், இறைச்சி என்று சமையலறைக்குள்ளேயே அது புகுந்துவிட்டது. ‘இடால்கோ’ எனப்படும் பிரபு வம்சத்தாருக்கு நேரடி வரிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கையில் நாலு காசு சேர்த்தவன் முதலில் தேடியது அந்தப் பட்டத்தைத்தான். ஏற்கெனவே விலைவாசி ஏறிக் கிடந்தது. பணம் பெருகினால் பொருளின் விலை ஏறும் என்று சலமாங்கா பல்கலைக்கழகத்து மார்ட்டின் டி அஸ்பில்குவேத்தா 1556இலேயே எழுதிவிட்டார். விலை கூடிய உள்ளூர்த் துணி சந்தையில் தடுமாறியது. ஸ்பானியக் கம்பளி மூட்டையாகப் போய் வெளிநாட்டுத் துணியாகத் திரும்பி வந்தது. 1596 முதல் 1602 வரை கொள்ளைநோய். சுமார் ஐந்து லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்த நோய்க்காலத்தில், 1600இல், வயாதோலித் நகரத்து வழக்கறிஞர் மார்ட்டின் கொன்சாலெஸ் டி செயோரிகோ, இரண்டாம் பிலிப்பின் மகனும் புதிய அரசருமான மூன்றாம் பிலிப்புக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். வெள்ளியைச் செல்வம் என்று நினைத்ததே பிழை, உழுவதும் நெய்வதும்தான் செல்வம் என்பது அவர் கட்சி. அதைவிடக் கூர்மையானது அவருடைய இன்னொரு கவனிப்பு. தறி போடவேண்டிய பணமும் கிணறு வெட்டவேண்டிய பணமும் வட்டிப் பத்திரத்தில் முடங்கிவிட்டன. வணிகன் கடையை மூடிவிட்டு வட்டியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த வட்டிக்காக வரி கட்டுகிற குடியானவன் நிலத்தை விட்டு ஓடுகிறான். அவனும் ஓடினால் வட்டி யார் கட்டுவது?

செயோரிகோவைப் போல யோசனை எழுதியனுப்பியவர்கள் பலர். ஊர் அவர்களை நையாண்டி செய்தது. அரசு படித்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் பிலிப் 1599இல் சில்லறை நாணயத்தில் வெள்ளியை அறவே நீக்கிச் செம்பில் அடித்தார். 1603இல் அதே செம்புக் காசின் மேல் முத்திரை குத்தி மதிப்பை இரட்டிப்பாக்கினார். உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கத்துக்குச் சொந்தக்காரரின் குடிகள், ஸ்வீடனிலிருந்து வந்த செம்பில் காய்கறி வாங்கினார்கள். 1607இல் மறுபடி திவால். 1609இல் டச்சுக்காரர்களோடு பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம். அதே ஆண்டு மொரிஸ்கோக்களை, அதாவது கிறிஸ்தவர்களாக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வம்சாவளியினரை, நாடுகடத்தத் தொடங்கினார்கள். 1614க்குள் சுமார் மூன்று லட்சம் பேர். வலென்சியாவில் கரும்பும் நெல்லும் விளைவித்த கைகள் அவர்களுடையவை.

போர்நிறுத்தம் ஐரோப்பாவில்தான். 1612இல் சாந்தோமிலிருந்து போன போர்ச்சுகீசியர் பழவேற்காட்டு டச்சுப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை எழுப்பிவிட்டார்கள். ஸ்பெயின் அடக்கமுடியாத கலகக்காரர்கள் சோழமண்டலக் கரையில் துணி வாங்க வந்து, இரண்டு நூற்றாண்டு தங்கினார்கள். துணிக்கு அவர்கள் எண்ணிக் கொடுத்ததில் ஸ்பானிய வெள்ளி ரியாலும் உண்டு.

1621 மார்ச் இறுதியில் மூன்றாம் பிலிப் இறந்தார். அடுத்த மாதம் போர்நிறுத்தத்தின் கெடு முடிகிறது. புதிய மன்னர் நான்காம் பிலிப்புக்குப் பதினாறு வயதுகூட நிறையவில்லை. போர்நிறுத்தத்தை நீட்டிப்பதா, மறுபடி போரா? கஜானாவின் நிலை மாட்ரிட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் போர் என்றே முடிவானது. இளம் அரசரின் காதருகே இருந்த ஒலிவாரெஸ் பிரபு, அதற்கு வேண்டிய பணத்தை எங்கெங்கே தேடினார் என்பதையும், 1628இல் கியூபாவின் மட்டன்சாஸ் விரிகுடாவில் டச்சுத் தளபதி பீட் ஹெய்ன் வெள்ளிக் கப்பல்களை மடக்கிக்கொண்டு போனதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)