லேபில் ஓடாத கருவி: கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு

குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என ஜி.எஸ்.டி. சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் மெக்கானிக்கல் படிப்போரும் கட்டணம் கட்டும் பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும்: லேபில் கருவி இருப்பது நிர்வாகத்தின் தயவு அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப் பாடத்திட்டம், வெப்பப் பொறியியல் லேபில் 30 மாணவர் குழுவுக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியலே தந்தது. இயற்கை வெப்பச்சலனத்துக்குச் செங்குத்து உருளை, கட்டாய வெப்பச்சலனத்துக்குக் காற்று ஊதும் குழாய், கதிர்வீச்சுக்கு ஸ்டீபன்–போல்ட்ஸ்மேன் கருவியும் உமிழ்திறன் கருவியும் அதில் உண்டு.

கருவி இருந்தால் மட்டும் போதாது, சரியாக அளக்கவும் வேண்டும். கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவதால், தெர்மோகப்பிள் 1 சதவீதம் பிசகினால் விடை 4 சதவீதம் பிசகும். உருளையின் வெப்பநிலை நிலைப்பட நெடுநேரம் ஆகும். காத்திருக்காமல் எடுத்த ரீடிங் வீண். பழுதான கருவி, சீனியரின் ரெக்கார்டைக் காப்பியடிக்கவே பழக்கும். ஆபத்தும் உண்டு: 230 வோல்ட் ஹீட்டரும் வெந்நீரும் அருகருகே இருக்கும் இடத்தில் எர்த்திங் விட்டுப்போய், 30 மில்லிஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லையென்றால், ஷாக் உயிரையே பறிக்கலாம்.

கணினியில் மெய்நிகர் ஆய்வகம் இருக்கிறதே என்பார்கள். அது கோட்பாட்டை விளக்கும். வெப்பம் எங்கே கசிகிறது, கருவி ஏன் தவறாகக் காட்டுகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கப் பழக்காது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது. அந்தக் கல்லூரிகளும் ஆய்வைக் கடந்து வந்தவையே. கேள்வி கேட்டால் இன்டர்னல் மார்க் போய்விடுமோ என்ற அச்சம் மட்டும் நியாயமானது. அதனால்தான் தனியாகப் போகாமல், வகுப்புக் குழுவின் மாணவப் பிரதிநிதிகள் வழியாக எழுத்தில் கேட்பது நல்லது.

முதலில் உங்கள் பாடத்திட்டத்தையும் லேபையும் ஒப்பிட்டு, ஓடாத கருவிகளைத் தேதியோடு குறியுங்கள். துறைத்தலைவர் அசையாவிட்டால் மாணவர் குறைதீர் குழுவிடம் செல்லுங்கள். வாக்களித்த தரமான கல்வியை மறுப்பதும் குறையே என்கிறது யு.ஜி.சி.யின் 2023 ஒழுங்குமுறை. குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நுகர்வோர் மன்றத்தை முதல் வழியாக நம்ப வேண்டாம். கல்வி நிறுவனம் சேவை விற்பதில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் எர்த்திங் கோளாறுக்கு எந்தக் குழுவின் முடிவுக்கும் காத்திருக்காதீர்கள்: சரிசெய்யும் வரை அந்தக் கருவியைத் தொட மறுத்துவிடுங்கள்.