பல கோடி வரிகளில் ஒரு சொல்

கணிப்பொறிக்காக மனிதர் எழுதும் கட்டளைகளை மூலநிரல் என்பர். எவரும் படிக்கவும், திருத்தவும், தம் வேலையில் சேர்த்துக்கொள்ளவும் விட்டிருப்பது திறந்த மூல நிரல். ஒருவர் எழுதியதை ஆயிரம் பேர் எடுத்துக்கொள்ளும்போது, அதிலுள்ள பிழையும் கூடவே போய்விடுமல்லவா? அது எங்கெங்கே புகுந்தது என்று தேடித்தானே ஆக வேண்டும்! விளக்கக் குறிப்புகளைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். குறிப்பு எழுதியபின் நிரல் மாறியிருக்கலாம்!

வரி வரியாகப் படித்தால் விடியாது. 2006-இல் கூகுள் தொடங்கிய நிரல் தேடலில், நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல, ஒவ்வொரு மூன்றெழுத்துத் துண்டும் எந்தெந்தக் கோப்பில் உள்ளது என்று முன்கூட்டியே குறித்து வைத்தனர். ‘மரகதம்’ என்று தேடுவதாகக் கொள்வோம். ‘மரக’, ‘ரகத’, ‘கதம்’ மூன்றும் உள்ள கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும். மூன்றும் தனித்தனியே இருந்து ‘மரகதம்’ இல்லாமலும் போகலாம். ஆகவே எடுத்தவற்றை மட்டும் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

2012-இல் அச்சேவை மூடப்பட்டது. அதை உருவாக்கிய ரஸ் காக்ஸ் அவ்வாண்டே அதன் நுட்பத்தை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் மாணவராயிருந்த மைக்கேல் ஸ்டாபெல்பர்க், டெபியன் என்னும் பெருந்தொகுப்பின் நிரல்கள் முழுவதையும் தேடும் கருவியை அம்முறையில் அமைத்தார். பழைய கட்டளையொன்றை நீக்குமுன், அதை நம்பியிருக்கும் நிரல்கள் எவையென்று டெபியன் தொண்டர்கள் அதில் பார்த்துக்கொள்கின்றனர்.