இளநிலைப் பொறியியல் கல்வியில் பாடத்திட்ட வடிவமைப்பும் பயிற்றுமொழியும்

ஆய்வுச் சுருக்கம்

கற்றல் விளைவு, கற்பித்தல் முறை, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைவதே நல்ல பாடத்திட்டம் என்பது பொறியியல் கல்வியில் இன்று ஏற்கப்பட்ட கொள்கையாகும். தமிழகத்தில் பயிற்றுமொழி இம்மூன்றுக்கும் புறத்தே, நிர்வாகத் தெரிவாக மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளது. மொழியையும் பாடத்திட்ட வடிவமைப்பின் உறுப்பாகக் கொள்ள வேண்டும் என்பதைத் தமிழ்வழிப் பொறியியல் பிரிவுகளின் வரலாறு, கலைச்சொல் அமைப்பு, பொழிச்சலூரைக் களமாகக் கொண்ட மாதிரிப் பாட அலகு ஆகியவற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பொறியியல் கல்வி, பாடத்திட்ட வடிவமைப்பு, பயிற்றுமொழி, கலைச்சொல், மதிப்பீடு, பொழிச்சலூர்

முன்னுரை

சென்னை விமான நிலையத்தை அடுத்து, அடையாற்றின் கரையோரப் பகுதியில் அமைந்த ஊர் பொழிச்சலூர். இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குரோம்பேட்டையில், சி. இராஜம் 1949 ஆம் ஆண்டு நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. பல்லாவரம், பம்மல், தாம்பரம் வட்டாரங்களின் அரசுப் பள்ளி மாணவர்க்கு இத்தகைய கல்லூரிகள் கண்ணெதிரே இருந்தும் நெடுங்காலம் எட்டாதனவாகவே இருந்தன. தொழிற்கல்விப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இட ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டபின், இம்மாணவர்க்குக் கல்லூரியின் கதவு சற்றே அகலத் திறந்தது. அவர்களுள் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவர்கள். சேர்க்கையில் கிடைத்த வாய்ப்பு பட்டமாக முதிர்வதா, முதற்பருவத் தேர்விலேயே தேய்வதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பாடத்திட்டமே. எனவே பாடத்திட்டம் எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது என்னும் வினா சமூகநீதி சார்ந்த வினாவுமாகிறது.

1. பாடத்திட்ட வடிவமைப்பின் கொள்கை

பாடத்தலைப்புகளின் பட்டியலைப் பாடத்திட்டமாகக் கருதும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ‘இப்பாடத்தை முடித்த மாணவரால் என்ன செய்ய இயலும்?’ என்னும் வினாவிலிருந்து தொடங்குவது இன்றைய முறை. பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுநிலை வகைப்பாடும், 2001 ஆம் ஆண்டு அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இவ்வினாவிற்கு விடைகாண உதவின. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்னும் ஆறு நிலைகள் அத்திருத்தத்தில் உள்ளன. விளைவு, கற்பித்தல், மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசை நோக்க வேண்டும் என்னும் கருத்தை ஜான் பிக்ஸ் 1996 ஆம் ஆண்டு வலியுறுத்தினார். பகுத்தாய்தலை விளைவாகக் குறித்துவிட்டு, வகுப்பில் குறிப்பு எழுதவைத்து, தேர்வில் வரையறை கேட்டால் அம்மூன்றும் பொருந்தா.

2014 ஆம் ஆண்டு இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பினரானது. அதன்பின் விளைவு சார்ந்த கல்வி தரநிர்ணயத்தின் அடிப்படையாக உறுதிப்பட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், கிரெடிட் எனப்படும் தகுதிப்புள்ளிகளை 160 ஆகக் குறைத்தது. புதிய மாணவர்க்கு மூன்று வாரப் புகுமுகப் பயிற்சியையும் பரிந்துரைத்தது. ஆயினும் இவ்வாவணங்கள் மாணவர் எம்மொழியில் சிந்திக்கிறார் என்பதை வடிவமைப்பின் முதன்மைக் கூறாகக் கொள்ளவில்லை.

2. குரோம்பேட்டை தரும் முன்மாதிரி

சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் தொடக்கத்தில் அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்து மூன்றாண்டுப் படிப்பை வழங்கியது. விமானவியல், தானூர்திப் பொறியியல், மின்னணுவியல், கருவித் தொழில்நுட்பம் ஆகிய துறைகள் அங்குக் கற்பிக்கப்பட்டன. அங்கு விமானவியல் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிடும் மூன்று செய்திகள் பாடத்திட்ட நோக்கில் கருதத்தக்கவை.

முதலாவது, விமானத்தின் உட்பகுதிகளை விளக்குவதற்காகப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட இரு விமானங்கள் வளாகத்தில் வைக்கப்பட்டிருந்தமை. சமன்பாட்டிற்கு முன்பே மாணவர் பொருளைக் கண்டனர். இரண்டாவது, தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி மாணவர் குழுவொன்றிற்கு அளிக்கப்பட்டமை. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்க, உந்துகை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை ஏனையோர் பகிர்ந்துகொண்டனர். முன்னேற்றத்தில் நிறைவு கொள்ளாத பேராசிரியர் மூன்று நாள் கெடு விதித்தார். பணி அதற்குள் முடிந்தது. படைத்தல் என்னும் உயர்நிலையை அளக்கும் மதிப்பீடு இது. மூன்றாவது, அந்நிறுவனத்தின் தமிழ்ச் சங்கப் போட்டிக்காக, நம் விமானத்தை நாமே உருவாக்குவது குறித்துக் கலாம் தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றமை.

இம்மூன்றாம் செய்தி பெரும்பாலும் தமிழ்ப்பற்றின் சான்றாகவே எடுத்துரைக்கப்படுகிறது. கற்ற துறையறிவைத் தாய்மொழியில் பொதுவாசகர்க்கு விளங்க எழுதுவது ஆழ்ந்த புரிதலின் சான்றுமாகும். அவ்வாய்ப்பை அளித்தது பாடத்திட்டத்திற்கு வெளியே இருந்த மன்றமே என்பது இங்கு நோக்கத்தக்கது.

3. தமிழ்வழிப் பிரிவுகளின் பட்டறிவு

2010-11 கல்வியாண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டமும் 2010 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. தொடக்கம் துணிவானது. எனினும் 2023 ஆம் ஆண்டு மே மாதத்தில், சேர்க்கைக் குறைவைக் காரணம் காட்டி, உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்திவைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின் அம்முடிவைத் திரும்பப் பெற்றது.

இந்நிகழ்வு இருவகையாக விளக்கப்படுகிறது. தமிழில் பொறியியல் இயலாது என்பது ஒன்று. தமிழ்ப்பற்றுக் குறைந்தது என்பது மற்றொன்று. இரண்டும் போதிய விளக்கங்கள் அல்ல. தனியார் துறைப் பணித்தேர்வு, மேற்படிப்பு நுழைவுத்தேர்வு, ஆய்விதழ்கள் ஆகியவை ஆங்கிலத்தில் இருக்க, வகுப்பறை மட்டும் தமிழுக்கு மாறினால் மாணவர் நான்காம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலத்தைத் தனியே எதிர்கொள்கிறார். ஆங்கிலவழிப் பிரிவில் சேரும் தமிழ்வழி மாணவரோ அதனை முதல் நாளிலேயே எதிர்கொள்கிறார். இரு பிரிவுகளிலும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் பாதை பாடத்திட்டத்தில் வகுக்கப்படவில்லை. அப்பாதையை மாணவரே தம் முயற்சியால் அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

2021 விதிமுறைகளின்கீழ்ப் பயிலும் மாணவர்க்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடங்கள் சேர்க்கப்பட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் தமிழ் இங்கு மரபின் மொழியாக இடம்பெறுகிறதேயன்றி, விசையையும் தகைவையும் கணக்கிடும் மொழியாக இடம்பெறவில்லை.

4. சொல்லும் தொடரும்

தமிழ்வழி மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஆங்கிலச் சொற்றொகைக் குறைவு மட்டுமன்று. பள்ளியில் அவர் கற்ற கலைச்சொற்களும் ஆய்வுக்குரியன. விசை, ஆற்றல், திறன் என்பன பேச்சுவழக்கில் ஏறத்தாழ ஒருபொருள் தருபவை. இயற்பியலில் வெவ்வேறு அளவுகள். ‘திறன்’ வாட் என்னும் அலகால் அளக்கப்படுவது. அதே சொல்லைக் கொண்ட ‘திருப்புத்திறன்’ நியூட்டன்-மீட்டரால் அளக்கப்படுவது. அது திறனின் வகையன்று. ‘முறுக்கு விசை’ என்பதும் விசையின் வகையன்று. அலகுகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு மணிநேரப் பயிற்சி இக்குழப்பத்தைப் பெருமளவு நீக்கும்.

மாறாக, சில சொற்கள் புரிதலை எளிதாக்குகின்றன. விசையால் பொருளின் வடிவம் மாறுவதன் அளவைக் குறிக்கும் ‘திரிபு’ என்னும் சொல், தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் புணர்ச்சி விகாரங்களைப் படித்த மாணவர்க்குப் புதிதன்று. இத்தகைய தொடர்பைச் சுட்டிக்காட்டுவதில் தமிழாசிரியர்க்கும் பொறியியல் ஆசிரியர்க்கும் கூட்டுப்பங்கு உண்டு.

தொடரமைப்பும் கருதத்தக்கது. ஆங்கிலக் கணக்கு வினா பெரும்பாலும் ஏவலில் தொடங்கி நிபந்தனைகளைப் பின்னர் அடுக்குகிறது. தமிழ்த்தொடர் நிபந்தனைகளை முன்வைத்து வினையில் முடிகிறது. ஆகவே வினாவைப் புரிந்துகொள்ளவே மாணவர் தொடரைத் தலைகீழாக மாற்ற வேண்டியுள்ளது. நேரக்கெடு உள்ள தேர்வில் இது கணித அறிவின் குறைபாடாகத் தோன்றக்கூடும். அளக்கப்படுவது கணிதமா, மொழியா என்பதை மதிப்பீடு பிரித்தறிய வேண்டும்.

5. பொழிச்சலூர்: ஒரு மாதிரிப் பாட அலகு

மொழியை வடிவமைப்பின் உறுப்பாகக் கொள்ளும்போது பாட அலகு எவ்வாறு அமையும் என்பதற்கு மழைநீர் வடிகால் குறித்த பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு பெருகி அதன் கரையோரத் தாழ்பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. விமான நிலையமும் மூடப்பட்டது. பொழிச்சலூர் வட்டார மாணவர்க்கு இது பாடநூற்செய்தி அன்று.

அலகின் விளைவு: ஒரு பகுதியின் உச்ச வழிந்தோடலைக் கணக்கிட்டு, அக்கணக்கின் எல்லையை மதிப்பிடல். முதற்கட்டத்தில் மாணவர் குழுவாகத் தெருக்களின் சரிவையும் வடிகாலின் போக்கையும் நோக்கித் தமிழில் குறிப்பெடுப்பர். மதகு, கலங்கல், வரத்துக்கால் முதலிய சொற்கள் ஏரிப்பாசன மரபில் ஏற்கெனவே உள்ளன. அவற்றிற்கு நேரான ஆங்கிலச் சொற்களை அவர்களே பட்டியலிடுவர்.

இரண்டாம் கட்டம் கணக்கீடு. வழிந்தோடல் கெழு, மழைச்செறிவு, பரப்பு ஆகியவற்றின் பெருக்கமே வழிந்தோடல். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், மண்தரையில் கெழு 0.3 எனக் கொள்ள விநாடிக்கு ஏறத்தாழ 42 லிட்டர் நீர் வழிந்தோடும். அந்நிலம் முழுதும் காங்கிரீட்டாக மாறிக் கெழு 0.9 ஆனால் அது 125 லிட்டராகும். மழை மாறவில்லை, வடிகாலின் சுமை மும்மடங்காகிறது. விடை கூறுமுன் அருகிருப்பவருடன் விவாதிக்கச் செய்யும் முறையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் 1991 ஆம் ஆண்டு தொடங்கினார். அம்முறையை இங்குப் பின்பற்றலாம். விவாதம் தமிழில் நிகழலாம்.

மூன்றாம் கட்டம் எல்லையை வினவல். ஆற்றின் நீர்மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்தால் நீர் வடியாது. ஊருக்குள் பின்னோக்கிப் பாயும். மேற்கண்ட வாய்பாடு இதனைக் கூறாது. வாய்பாடு எங்கே பொருந்தாது என்று கூறவல்ல மாணவரே மதிப்பிடல் என்னும் நிலையை எட்டியவர்.

இறுதியில் ஒரு பக்கத் தொழில்நுட்ப அறிக்கை ஆங்கிலத்திலும், ஊராட்சி மக்களுக்கான விளக்கம் தமிழிலும் எழுதப்படும். இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு மொழியில் பெற்றதை மற்றொரு மொழியில் வெளிப்படுத்தும் இம்முறை வேல்சு நாட்டு இருமொழிப் பள்ளிகளில் உருவாகிப் பின்னர் உலகளவில் பரவியது.

6. செயலாக்கமும் வரம்புகளும்

மாணவர் பங்கேற்கும் கற்பித்தல் பயன்தரும் என்பதற்கு வலுவான சான்று உள்ளது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நிகழ்ந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃபிரீமன் குழுவினர் 2014 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, விரிவுரை மட்டும் நிகழ்ந்த வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு, பங்கேற்பு முறை வகுப்புகளில் 21.8 விழுக்காடு. இவ்வாய்வு பயிற்றுமொழியைத் தனியே ஆராயவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நடைமுறைத் தடைகளும் உள்ளன. இணைவுக் கல்லூரிகள் பொதுவினாத்தாளுக்குக் கட்டுப்பட்டவை. தமிழ் அறியாத ஆசிரியரும் மாணவரும் வகுப்பில் இருப்பர். எனவே மாற்றத்தை அகமதிப்பீட்டிலிருந்து தொடங்குவது இயலக்கூடியது. புகுமுகப் பயிற்சியின் ஒரு பகுதியை இருமொழிக் கலைச்சொற்களுக்கும் வினாத்தொடர் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். முதலிரு பருவங்களின் வினாத்தாள்களை இருமொழியில் அமைக்கலாம். பின்வரும் பருவங்களில் ஆங்கில அறிக்கையின் பங்கைப் படிப்படியாக உயர்த்தலாம்.

முடிவுரை

தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்னும் வினா பொறியியல் கல்வி குறித்த விவாதத்தை நெடுநாள் ஆட்கொண்டுள்ளது. இவ்வினா இரண்டிலொன்றைத் தெரிவுசெய்யக் கோருகிறது. மாணவரோ இரண்டிலும் இயங்க வேண்டியவராக உள்ளார். விளைவு, கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றோடு மொழியையும் நான்காம் உறுப்பாகத் திட்டமிடுவதே இம்முரணைக் களையும் வழி. கலைச்சொற்களின் பொருத்தம், வினாத்தொடரின் அமைப்பு, இருமொழி எழுத்தின் மதிப்பீடு ஆகியவை தமிழாய்வுக்கும் பொறியியல் கல்விக்கும் பொதுவான களங்கள். முதற்பருவத்தில் தோல்வியுறும் மாணவரின் விடைத்தாள்களை இந்நோக்கில் ஆராய்வது, இடஒதுக்கீட்டின்வழித் திறந்த கதவினுள் நுழைந்தவர் பட்டம் பெற்று வெளிவரத் துணைசெய்யும்.