டாக்டரிடம் சொல்லாத சங்கதி

மருந்து ஒன்றைத் தீர்த்தால் மற்றொன்றைக் கிளப்பும் என்பது நீலகிரிவாசிகளுக்குப் புதிய செய்தியல்ல. 1860-களில் மார்க்கம் துரையின் முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரங்கள் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேரூன்றின. அவற்றின் பட்டையிலிருந்து எடுத்த கொயினா மலேரியாச் சுரத்தை விரட்டியது. கூடவே காதில் ஓர் இரைச்சலையும் உண்டாக்கியது. காது இரைகிறது என்று சொல்ல யாரும் கூசவில்லை. நான் சொல்ல வந்த விஷயம் அவ்வளவு எளிதில் வாயில் வருவதன்று.

நாற்பத்து நான்காம் வயதில் எனக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருப்பதாகக் கோயமுத்தூரில் ஒரு மனநல வைத்தியர் கண்டறிந்தார். பரீட்சைத் தாள்களை உட்கார்ந்து திருத்த முடியாமல் நான் தத்தளித்ததற்கு அதுவரையில் சோம்பல் என்று நானே பெயரிட்டிருந்தேன். வைத்தியர் ஆட்டமாக்ஸெடின் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் ஒரு கட்டுத் தாள்களை நாற்காலியை விட்டு எழுந்திராமல் திருத்தி முடித்தேன்!

ஆனால் தாம்பத்தியத்தில் மனம் விரும்பியும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சிறுநீரும் தயங்கித் தயங்கியே பிரிந்தது. வயதாகிவிட்டது என்று நான் நினைத்தேன். தன்மேல் எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது என்று என் மனைவி நினைத்தாள். ஒரு மாத காலம் உப்பு, புளியைத் தவிர வீட்டில் வேறு பேச்சில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். மேஜைமேல் தாள்கள் மறுபடி குவிந்தன.

மருந்தோடு வந்த துண்டுக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள் அவள்தான்.

நார்அட்ரினலின் என்னும் வஸ்துவை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இம்மருந்து தடுக்கிறது. அதனால் கவனம் நிலைக்கிறது. ஆபத்துக் காலத்தில் ஓடவும் போராடவும் உடம்பை முறுக்கேற்றி, இரத்தக் குழாய்களை இறுக்குவதும் அதே வஸ்துதான். தளர்ச்சியில் நடக்க வேண்டிய காரியம் தடைப்படுவதில் என்ன வியப்பு? பெண்களுக்கும் ஆசை குன்றலாம். 1944-இல் பேஸல் நகரில் பனிஸோன் என்னும் ரஸாயனர் உண்டாக்கி, தம் மனைவியின் பெயரால் ரிட்டாலின் என்று வழங்கிய மீதைல்பெனிடேட்டிலும் ஆசை குறைவதுண்டு. அபூர்வமாக, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேலும் அடங்காமல் வலிக்கும். அப்போது மலைப்பாதையில் பனிமூட்டம், விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இருவரும் கோயமுத்தூருக்குப் போனோம். "இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். "நீங்கள் முன்பே கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் என் மனைவி. டாக்டர் சிரித்துவிட்டார்.

பிறகு சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் பரிசோதித்தார். சிலருக்கு இத்தொல்லை நாளடைவில் தணியுமாம். தணியாவிட்டால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். மருந்துக் கடையில் வீரிய மாத்திரை வாங்கி விழுங்குவது மட்டும் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொன்னார். நாடியையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்கனவே ஒரு மருந்து அசைத்துக்கொண்டிருக்கிறதல்லவா? எனக்கு அளவைக் குறைத்தார். இப்போது தாள் திருத்தும் வேகம் சற்று மட்டுந்தான். அதுபற்றி வீட்டில் யாருக்கும் குறையில்லை.

திரும்பும் வழியில் பர்லியாறில் பஸ் நின்றது. மங்குஸ்தான் வாங்கி உரித்துக்கொண்டே குன்னூர் வரையில் பேசிக்கொண்டு வந்தோம்.