புலியா, லாரியா?

ஓசூர் பக்கம் மத்திகிரியிலிருந்து வந்திருக்கேன். நாவலைப் படமாக்கினால் அதுக்கு உயிர் கொடுப்பது கதாசிரியரா, டைரக்டரா? நான் டைரக்டர் கட்சி.

உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி. 1978-ல் மகேந்திரன் தன் முதல் படமாக அதை இயக்கியபோது புலியைத் தூக்கிவிட்டு லாரியை வைத்தார். “இதுல என்னங்க பெரிய வித்தியாசம்?”னு எதிரணி கேட்கும். புலியை நான் வண்டலூர்ல கூண்டுக்குள்ளதான் பார்த்திருக்கேன். எங்க பெங்களூரு ரோட்டுல ராப்பகலா லாரிதானே! (கைதட்டல்) புலி கடிச்சா ஊரே வீரன்னு பேசும். லாரி ஏறினா? விஞ்ச் ஓட்டின காளிக்கு வேலை போச்சு, வீறாப்பும் போச்சு.

ஒரு தொழிற்சாலையில, பிரஸ் மெஷின்ல என் வலது கையில ரெண்டு விரல் போச்சுங்க. மாசக்கணக்கா யார் எதிரிலும் சாப்பிட மாட்டேன். அப்பத்தான் டி.வி.யில இந்தப் படம். கை இழந்த அண்ணனை வள்ளி பார்க்கிற காட்சி. மகேந்திரன் அங்கே வசனத்தை நம்பலை, பார்வையை நம்பினார். எங்கம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி, துண்டுக்குள்ள மறைச்சிருந்த கையை வெளியே எடுத்து, எல்லார் எதிரிலும் சோறு பிசைஞ்சேன்.