தகரத்துக்கு என்ன நிறம்?

திக்லிபூரில் வீடு கட்டுபவருக்குக் கடைசியாக வரும் சங்கடம் இது. சட்டம் நின்றுவிட்டது, சுவர் எழும்பிவிட்டது. மே மாதக் கடைசியில் மழை இறங்குவதற்குள் கூரை ஏறியாக வேண்டும். கடையில் விரல் நீளத் தகரத் துண்டுகளை வளையத்தில் கோத்து நீட்டுகிறார்கள். செங்கல் சிவப்பு, கரும்பச்சை, கடல் நீலம், சாம்பல், தந்த வெள்ளை. அம்மா ஒன்றைக் காட்டுவார், மகன் இன்னொன்றைக் காட்டுவான். கடைசியில் கையிருப்பில் உள்ள நிறமே வீடு வந்து சேரும். கப்பலில் வரும் சரக்கு. பிடித்த நிறம்தான் வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும்; மழை காத்திருக்காது.

நிறத்தை அழகு சம்பந்தப்பட்ட சமாச்சாரமாக நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. தெருவில் போகிறவர் கூரையை ஒரு நிமிடம் பார்க்கிறார். வீட்டில் இருப்பவர்கள் பதினைந்து இருபது வருடங்கள் அதன் கீழே சமைக்கிறார்கள், படிக்கிறார்கள், காய்ச்சலில் படுத்துக்கொள்கிறார்கள். வெயில், குடிதண்ணீர், துரு மூன்றிலும் நிறத்துக்குப் பங்கு உண்டு.

வடக்கு அந்தமானின் பெரிய ஊர் திக்லிபூர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அந்தமான் தீவுகளிலேயே உயரமான சேடில் சிகரம் (732 மீட்டர்) பக்கத்தில் நிற்கிறது. கல்போங் ஆறு ஓடுகிறது, நெல் விளைகிறது. 1950-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய வட்டாரம் என்பதால் கடைவீதியில் வங்காளிதான் அதிகம் காதில் விழும். தீவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் தமிழும் சின்ன மொழி அல்ல. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தாய்மொழி தமிழ் என்றார்கள்.

குடியேறியவர்களின் முதல் கூரை ஓலை. சதுப்பில் வளரும் ஒரு பனையின் ஓலை அது. உள்ளூரில் தானி பத்தி என்பார்கள். குளிர்ச்சியானது, காசில்லாதது. ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தீக்கும் பயப்பட வேண்டும். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஓலை இறங்கி நெளித் தகரம் ஏறியது.

தகரம் ஏறியதற்குப் பூமியும் ஒரு காரணம். 2002 செப்டம்பர் 14-ம் தேதி திக்லிபூர் அருகே 6.5 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. பின்னர் பார்வையிட்ட கான்பூர் ஐ.ஐ.டி. பொறியாளர்கள், பழைய பாணி மரவீடுகள் தாக்குப்பிடித்ததையும் சரியாகக் கட்டாத செங்கல், கான்கிரீட் கட்டடங்கள் அடி வாங்கியதையும் பதிவு செய்தார்கள். இரண்டே ஆண்டில், 2004 டிசம்பர் 26-ம் தேதி, அதைவிடப் பெரிய நடுக்கமும் சுனாமியும். தலைக்கு மேல் கனம் குறைவாக இருப்பது நல்லது என்பதை இந்த ஊருக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மங்களூர் ஓடு அழகுதான். ஆனால் சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டும். ஆடினால் தலையில் விழும். நிலக்கீல் பூசிய ஷிங்கிள் ஓடுகள் கேரளத்திலும் மலைவாசஸ்தலங்களிலும் பிரபலமாகி வருகின்றன. அவற்றின் ஜென்ம எதிரி ஈரத்தில் படரும் ஒரு நுண்ணுயிர். அமெரிக்காவின் ஈரப்பதமான மாநிலங்களில் கூரைகளில் கறுப்புக் கோடு கோடாக இறங்குவது இதனால்தான். அதைத் தடுக்க ஓட்டின் மணல் பூச்சில் செப்புத் துகள் கலக்கிறார்கள். வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் இதைப் பரிசோதிக்கத் தைரியம் வேண்டும்.

ஆக, தகரம். மரம் விலை ஏறிவிட்டதால் (2002-ல் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது) கூரைச் சட்டமும் பல வீடுகளில் இரும்புக் குழாயாகிவிட்டது. மிச்சம் இருப்பது நிறம்.

முதலில் வெயில். திக்லிபூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆனால் கடிகாரம் அலகாபாத் பக்கத்துக் கணக்கில் ஓடுவதால் இங்கே உச்சி வெயில் பன்னிரண்டுக்கு அல்ல, பதினொன்றே காலுக்கே வந்துவிடுகிறது. அடுப்படியில் பெண்கள் நிற்கும் நேரம் அது. ஆகஸ்டில் மேகம் காப்பாற்றும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் காப்பாற்ற எதுவும் இல்லை. காற்றின் வெப்பம் முப்பதைச் சுற்றித்தான் இருக்கும், டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். தகரத்தின் வெப்பம் வேறு கணக்கு.

வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி அனுப்பும் சுத்தமான வெள்ளைக் கூரை, இருபது பங்கை மட்டும் அனுப்பும் சாம்பல் கூரையைவிடக் கோடைப் பிற்பகலில் சுமார் 30 டிகிரி குறைவாக இருக்கும் என்பது அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கு. வீட்டுக்குள் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஆனால் அடியில் கூரைத்தட்டி இல்லாத தகர வீட்டில் அந்தச் சூடு நேராக உச்சந்தலையில் இறங்குகிறது. சுனாமிக்குப் பிறகு தீவுகளில் அமைத்த தற்காலிகத் தகரக் குடியிருப்புகளில் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை என்ற புகார் எழுந்தது பலருக்கு நினைவிருக்கும்.

‘வெள்ளைதானே வேண்டும், புதுத் தகரம் வெள்ளி மாதிரி பளபளக்கிறதே, அப்படியே விட்டுவிட்டால் என்ன?’ நியாயமான கேள்வி. பலர் அப்படித்தான் விடுகிறார்கள். பளபளக்கும் உலோகம் வெயிலைத் திருப்புவது உண்மை. ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விட அதற்கு மனசு வராது. எவர்சில்வர் கூஜாவில் காபி ஆறாமல் இருக்கிறதே, அதே குணம். பெயின்ட் பூசிய பரப்பு, எந்த நிறமானாலும், வாங்கிய சூட்டை வானத்துக்கு நன்றாகவே விட்டுவிடும். மேலும் அந்தப் பளபளப்பு சில மழைக்காலங்களில் மங்கிக் கருத்துவிடும். மங்கிய தகரத்தில் இரண்டு நன்மையும் இல்லை.

சிவப்புக்கு ஒரு கதை உண்டு. ஊட்டியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்து லயங்களிலும் பழைய தகரக் கூரைகள் சிவப்பாக இருப்பதற்கு யாருடைய ரசனையும் காரணம் அல்ல. துத்தநாகம் தேய்ந்து துரு தலைகாட்டியதும் பூசியது ரெட் ஆக்சைடு. அதாவது இரும்பின் துருவையே அரைத்த காவி. மலிவு, வெயிலுக்கு வெளுக்காது, பூச்சுக்கு அடியிலிருந்து துரு கசிந்தாலும் வெளியே தெரியாது. மருந்தாக வந்தது மரபாகிவிட்டது. இன்று ஆலையிலேயே வண்ணம் பூசிய புதுத் தகரத்தில் செங்கல் சிவப்பைத் தேடுவது அந்தப் பழக்கத்தின் நீட்சி. பாதகமில்லை. ஆனால் சாதாரணச் சிவப்பு வெயிலில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

கரும்பச்சையை விரும்புகிறவர்கள் காட்டோடு பொருந்தும் என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது பொருந்தும். உண்மையான இலைக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இலை அதில் பெரும்பகுதியை உதறிவிடும். சாதாரணக் கரும்பச்சைப் பெயின்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ராணுவத்தின் மறைவு வண்ணங்களுக்காக இலையைப் போல அகச்சிவப்பைத் திருப்பும் பச்சைகளைத் தேடியதன் தொடர்ச்சியாக, இப்போது அதே நோக்கத்தில் சிவப்பும் பழுப்பும்கூட வந்துவிட்டன. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு பச்சைத் தகரங்களில் ஒன்று மற்றதைவிடக் கணிசமாகக் குளிர்ச்சியாக இருக்கலாம். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சூரிய எதிரொளிப்புக் குறியீடு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கறுப்புக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு நூறு என்று வைத்துக் கணக்கிடும் எண் அது. எண் இல்லை என்றால் அந்தச் சரக்கும் சாதாரணம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடர் நிறத்துக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. பன்னிரண்டு அடித் தகரம் நாற்பது டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். சாயங்காலத்தில் கூரை ‘டக் டக்’ என்று சத்தம் போடுவது இதுதான். தினம் தினம் இப்படி இழுபட்டால் திருகாணி ஓட்டை பெரிதாகும், ரப்பர் வாசர் நசுங்கும். ஒழுகல் அங்கேதான் ஆரம்பம்.

அப்படியானால் வெள்ளை அடித்துவிட்டால் தீர்ந்ததா? உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது. 2009-ல் அமெரிக்க எரிசக்தி அமைச்சராக இருந்த ஸ்டீவன் சூ வெள்ளைக் கூரைக்காகப் பிரசாரமே செய்தார். அகமதாபாத் 2017-ல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூச ஆரம்பித்தது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டு இறுக்கிய மொட்டை மாடிகள், வெள்ளைப் பீங்கான் சில்லு பதித்த தளங்கள் எல்லாம் இந்தச் சூத்திரம்தான். ஆனால் இவை பெரும்பாலும் வெயில் ஊர்கள். திக்லிபூர் மழை ஊர். தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறி மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை நனைக்கின்றன. பாக்கு மர நிழலில் இருக்கும் வெள்ளைக் கூரை இரண்டு மூன்று வருடத்தில் பாசியும் பூஞ்சையும் பிடித்துச் சாம்பலாகிவிடும். வெயில் காலம் தொடங்கும்போது வருடம் ஒருமுறை கழுவினால் இழந்த பிரகாசத்தில் பெரும்பகுதி திரும்பும். கழுவ ஆள் இல்லாத வீட்டுக்கு, அழுக்கை அவ்வளவாகக் காட்டாத வெளிர் சாம்பலோ தந்த வெள்ளையோ புத்திசாலித்தனம்.

கழுவுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் மூவாயிரம் மில்லிமீட்டர் மழை என்றால் இரண்டே முக்கால் லட்சம் லிட்டருக்கும் மேல். சேதாரம் போக இரண்டு லட்சம் பிடிக்கலாம். அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடா தீவில் ஆறும் இல்லை, நன்னீர் ஏரியும் இல்லை. அங்கே வீட்டுக் கூரைகள் படிப்படியாக அடுக்கிய சுண்ணாம்புக் கல். மேலே வெள்ளைப் பூச்சு. கூரையில் ஐந்தில் நான்கு பங்காவது மழைநீர் பிடிக்க வேண்டும் என்று சட்டம். அந்த ஊரில் கூரை என்பது குடும்பத்தின் கிணறு. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்புவதோடு, அழுக்கையும் காட்டிக்கொடுக்கிறது. திக்லிபூரிலும் கோடையில் கூரை நீரை நம்பும் வீடுகள் பழைய தகரத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பழைய டப்பாவைத் தொடாமல் இருப்பது உத்தமம். பளீர் மஞ்சள், ஆரஞ்சு போன்றவற்றில் ஈயம் அதிகம் இருந்த காலம் அது. புதுப் பூச்சு காய்ந்ததும் முதல் சில மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விடுவதும் வழக்கமாக வேண்டும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. புத்தம்புது துத்தநாகத் தகரத்தின் மேல் நேராக எண்ணெய்ப் பெயின்ட் அடிப்பது. துத்தநாகமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, ஓரிரு வருடத்தில் பெயின்ட் தோல் உரிவதுபோல் உரியும். பழி பெயின்டர் மேல் விழும். துத்தநாகத்துக்கென்று உள்ள பிரைமர் அடித்துவிட்டுப் பூச வேண்டும். அல்லது ஒரு வருடம் மழையில் வெயிலில் கிடக்கவிட்டுப் பூச வேண்டும்.

நிறத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை மறப்பதுதான் எல்லாவற்றையும்விட வருத்தமானது. நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் பூசிய தகரமும் 275 கிராம் பூசிய தகரமும் ஒரே நீலத்தில் கிடைக்கும். விலை வித்தியாசத்தைப் பார்த்து முதலாவதை வாங்கினால், ஏரியல் பே பக்கம் உப்புக் காற்று சில வருடங்களிலேயே வேலையைக் காட்டும். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு (பாதிக்கு மேல் அலுமினியம்) உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். நிறப் பூச்சின் தடிமன் வெறும் இருபது மைக்ரான் அளவுதான்; வெட்டிய ஓரத்திலும் திருகாணி ஓட்டையிலும் அது காப்பாற்றாது. கடலிலிருந்து தள்ளி வயல் பக்கம் இருப்பவர் நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்கலாம். கடற்கரைக்காரர் முதலில் கிராமைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே கரும்பச்சையோ சிவப்போ போட்டுவிட்டவர்கள் பிரித்துப் போட வேண்டியதில்லை. கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு தட்டி, ஒட்டுப்பலகையோ மூங்கில் பாயோ, கூடவே இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் காற்று போக ஜன்னல். மேலே சேரும் சூடு வெளியே போகட்டும். அடியில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைத் தகடு கட்டினால் சூட்டோடு மழைச் சத்தமும் குறையும். ராத்திரி மழையில் பக்கத்தில் படுத்திருப்பவர் பேசுவது கேட்காத வீடுகளுக்கு அது சின்ன லாபம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம். கட்டுக்கட்டாக அடுக்கிய தகரத்துக்கு நடுவே கப்பலில் ஈரம் புகுந்திருந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அந்தக் கட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நல்ல கட்டு கிடைத்தால் இரண்டு தகரம் கூடுதலாக வாங்கி உள்ளே உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். புயலில் ஒன்று பிய்ந்து போனால், அடுத்த கப்பலில் வரும் நீலம் இதே நீலமாக இருக்காது.