ஓரத்தில் நின்ற அம்மா

2019-ல் தம்பி வீட்டு கிரகப்பிரவேசம். குரூப் போட்டோவுக்கு நான்தான் கேமரா. ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாதென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெருக்கிப் பிடித்து எடுத்தேன். அம்மா வழக்கம்போல கடைசி ஆளாக ஓரத்தில். 6க்கு 4 பிரிண்டில் எல்லோரும் பளிச்!

போன வருஷம் அம்மா தவறிவிட்டார். பேரன் பேத்திகள் அத்தனை பேரோடும் அவர் இருக்கும் ஒரே படம் அதுதான். ஃப்ரேம் போட 10க்கு 8 சைஸில் கேட்டேன். கையில் வாங்கியதும் பகீரென்றது. அம்மா முகம் பாதிதான் இருந்தது!

"முழுசா வரணும்னா 12க்கு 8தான்க்கா. 10க்கு 8னா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் வெட்டுப்படும்" என்றார் கடைக்காரத் தம்பி. ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா? மறுபடி காசு கொடுத்து 12க்கு 8 வாங்கினேன்.

செல்போன் படம் வேறு மாதிரி. படுக்கைவாட்டில் வழக்கமான 4க்கு 3 அளவில் எடுத்ததை 6க்கு 4 போட்டால், மேலும் கீழுமாக அரை இஞ்ச் போய்விடும். உயரமானவர் தலையும், தரையில் உட்கார்ந்த குழந்தைகளின் காலும் அவுட்!

இப்போதெல்லாம் ரெண்டடி பின்னால் போய், சுற்றிலும் கொஞ்சம் சுவர் தெரியத்தான் எடுக்கிறேன். "தெருவுக்கே போயிடுவே போலிருக்கே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். மாமியாரை நடுவில் உட்கார வைத்துவிட்டுத்தான் கேமராவையே கையில் எடுப்பேன்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்